கிணற்றடி வால்குருவி: தையில் வெள்ளை மாப்பிள்ளை, ஆனியில் செம்பழுப்பு மாப்பிள்ளை. எது சரி?

கிணற்றடி ரீச்சர், களுவாஞ்சிகுடி | ஜூன் 9

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு கேள்வி இருக்கிறது. ஒன்று அவசரம், மற்றது மானப் பிரச்சினை.

அவசரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வளவு மாமரத்தின் ஒரு கொப்பு கிணற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கச்சான் காற்றுக்குச் சருகு முழுக்கக் கிணற்றுக்குள்தான் விழுகிறது. இவர் மரம் வெட்டுகிற தம்பிக்குச் சொல்லிவிட்டார், சனிக்கிழமை வருகிறாராம். அந்தக் கொப்பின் நுனியில் இப்போது ஒரு கூடு இருக்கிறது. தேநீர்க் கோப்பை அளவுதான். சிறு கவட்டையில் வைத்து, வெளிப்பக்கம் முழுவதும் சிலந்தி நூலால் சுற்றியிருக்கிறது. தூரத்தில் பார்த்தால் மரத்திலேயே வளர்ந்த முடிச்சு போலத் தெரியும். வெள்ளிக்கிழமைதான் கண்டேன். எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

இனி மானப் பிரச்சினை. நான் பின் விறாந்தையில் புலமைப்பரிசில் வகுப்பு நடத்துகிறேன், பதினொரு பிள்ளைகள். கடந்த ஜனவரியில் கிணற்றடித் தொட்டிக்கு ஒரு குருவி வந்தது. தூய வெள்ளை, தலை மட்டும் மினுங்குகிற கறுப்பு, பின்னால் ரிபன் போல இரண்டு இறகு. கூடவே வால் நீளாத பழுப்புக் குருவி ஒன்றும் திரிந்தது. பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு எழும்பிவிட்டார்கள். நானும் யோசிக்காமல், “வெள்ளை ஆண், மற்றது பெண். மயிலைப் போல, ஆணுக்குத்தான் அலங்காரம்” என்றேன். போதாக்குறைக்குக் கொப்பியிலும் எழுதவைத்தேன்.

இப்போது கூட்டில் குந்தியிருப்பதைப் பாருங்கள். கறுத்த தலை, கொண்டை, கண்ணைச் சுற்றி நீல வளையம், அதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் முதுகும் வாலும் நல்ல செம்பழுப்பு. நீண்ட வாலும் இருக்கிறது! கூடு அதற்குப் போதாமல் வால் வெளியே தொங்குகிறது. அது எழும்பிப் போனால் வால் நீளாத பழுப்பு ஒன்று வந்து குந்துகிறது. வெள்ளையை ஒரு நாளும் காணவில்லை. கடைசி வாங்கில் இருக்கிற ஒருவன் கேட்டான்: “ரீச்சர், உங்கட வெள்ளை மாப்பிள எங்க?” வகுப்பே சிரித்தது. “கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கும்” என்று சமாளித்தேன். பிள்ளைகள் நம்பிவிட்டார்கள், எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை.

எங்கள் வீட்டில் இதை வால்குருவி என்போம். இணையத்தில் தேடினால் அரசவால் ஈப்பிடிப்பான் என்று வருகிறது. வெள்ளை ஓர் இனம், செம்பழுப்பு வேறோர் இனமா? இல்லை, இரண்டும் ஒன்றா? இது உண்மையிலேயே ஈப்பிடிப்பான் குடும்பமா? மாமியைக் கேட்டால், “கொண்டைக்கிளாறுக்கு வால் முளைச்சிரிக்கி” என்கிறார். அதை மட்டும் நான் எழுதவைக்கவில்லை.

ஒரு தடயம் இருக்கிறது. நேற்று கிணற்றடியில் செம்பழுப்பு ரிபன் இறகு ஒன்று கிடந்தது. பிள்ளைகள் அடிமட்டம் வைத்து அளந்தார்கள், 22 சென்ரிமீற்றர். இன்று பார்த்தால் கூட்டில் இருப்பதற்கு ஒற்றை ரிபன்தான் தொங்குகிறது.

---

கல்லடிப் பாலத்தான் | ஜூன் 9

ரீச்சர், இதில் குழப்பமே இல்லை. வயது போனால் வெளுக்கும், நம்முடைய தலைமயிர் மாதிரி. இளசு செம்பழுப்பு, கிழடு வெள்ளை. உங்கள் வெள்ளை மாப்பிள்ளை செத்திருக்கும், இது அதன் மகனாக இருக்கும். பாலத்தில் தூண்டில் போடுகிற ஒரு பெரியவர்தான் எனக்குச் சொன்னார், அவர் சொன்னால் பிழைக்காது.

கொப்பை வெட்டுங்கள். குருவி வேறு மரம் பார்த்துக்கொள்ளும்.

---

சம்மாந்துறை மருந்துக்கடை | ஜூன் 10

ரீச்சர், முதலில் அந்தத் தம்பிக்குக் கோல் எடுத்துச் சனிக்கிழமையை நிறுத்துங்கள். மறுகா மற்றதைப் பேசலாம்.

முட்டை இட்டுவிட்டால் அடைகாக்க 14 முதல் 16 நாள். ஆணும் பெண்ணும் மாறி மாறித்தான் குந்தும், நீங்களே கண்டுவிட்டீர்கள். குஞ்சு பொரித்து வெளியே பறக்க இன்னும் 9 முதல் 12 நாள். ஆகக் கூடினால் ஒரு மாதம். அதுவரை கிணற்றுக்கு மேலே பழைய நுளம்பு வலை ஒன்றைக் கட்டிவிடுங்கள், சருகு விழாது. ஏணி வைத்துக் கூட்டை எட்டிப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். நாம் அடிக்கடி போனால் காகம் நம்மைப் பார்த்தே கூட்டைக் கண்டுபிடித்துவிடும்.

இனி நிறம். கல்லடித் தம்பி சொன்னது முழுப் பொய்யும் இல்லை, நம்ம ஊருக்குச் சரியும் இல்லை. என் கடையில் பரசிட்டமோல் இரண்டு மூன்று கம்பனியில் வருகிறது. ஒன்றின் பெட்டி பச்சை, ஒன்று சிவப்பு, உள்ளே இருப்பது ஒரே மருந்து. இந்தக் குருவியும் அப்படித்தான். இனம் ஒன்று, அதற்குள்ளே மூன்று உள்ளினம். இரண்டைத்தான் நாம் இங்கே காண்கிறோம்.

ஒன்று நம்ம ஊர்க் குருவி. இலங்கையிலேயே பிறந்து இலங்கையிலேயே சாகும். அதன் உள்ளினப் பெயரே சிலோனென்சிஸ், 1912இல் வைத்தது. இதில் ஆண் எந்த வயதிலும் வெள்ளையாகாது. நரைக்கவே நரைக்காது! மூப்பு வந்தாலும் செம்பழுப்புத்தான். இளம் ஆணுக்கு முதலில் வால் நீளாது, பெண்ணைப் போலவே இருக்கும். இரண்டாம், மூன்றாம் வருடத்தில்தான் ரிபன் வளரும்.

மற்றது விருந்தாளி. இந்தியாவில் கூடு கட்டுகிற உள்ளினம், ஒக்டோபர் அளவில் இங்கே வரும், ஏப்ரலுக்குள் திரும்பிப் போய்விடும். அந்தச் சாதியில்தான் வெள்ளை ஆண் உண்டு. அதிலும் இளம் ஆண் செம்பழுப்புத்தான். வளர்ந்த ஆணில் வெள்ளையும் இருக்கும், நீண்ட வாலுள்ள செம்பழுப்பும் இருக்கும். பாலத்துப் பெரியவர் சொன்னது அங்கே ஓரளவு பொருந்தும். மத்தியப் பிரதேசத்தின் மாநிலப் பறவை இதுதான், தூத்ராஜ் என்பார்கள், பால்ராசா என்று அர்த்தம்.

அதனால் ஜனவரியில் வந்த உங்கள் வெள்ளை மாப்பிள்ளை கொழும்புக்குப் போகவில்லை ரீச்சர், கடல் கடந்து போயிருக்கிறார். வெள்ளை ஆண் என்று நீங்கள் சொன்னதும் சரிதான், பெண்ணில் வெள்ளை கிடையாது. பிழைத்தது சோடி சேர்த்த இடம். அப்போது கூடத் திரிந்த பழுப்புக் குருவி வந்த பெண்ணாக இருக்கலாம், வந்த இளம் ஆணாக இருக்கலாம், நம்ம ஊர்க் குருவியாகவும் இருக்கலாம். குளிர்காலத்தில் அதைப் பிரிப்பது லேசில்லை. ஜூனில் கூட்டில் குந்துவது மட்டும் சந்தேகமே இல்லாமல் நம்ம ஆள்.

அம்பாறைப் பக்கத்துச் சிங்களச் சனம் கடைக்கு வரும்போது கேட்டுப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்குச் சுது ரெதி ஹொரா, வெள்ளைத் துணிக் கள்ளன். செம்பழுப்புக்குக் கினி ஹொரா, நெருப்புக் கள்ளன். துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைப் போல வால் அலைவதைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான். அவர்களும் இரண்டு பெயர் வைத்து இரண்டு கள்ளனாக்கிவிட்டார்கள், நீங்கள் மட்டும் ஏமாறவில்லை.

குடும்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது பெரிய கதை, இரவு கடை பூட்டியதும் எழுதுகிறேன்.

---

படுவான்கரை வேளாண்மைக்காரன் | ஜூன் 10

எனக்குப் பெயரெல்லாம் தெரியாது, கண்டதைச் சொல்கிறேன். எங்கள் வட்டையில் வாடிக்குப் பக்கத்தில் மருதமரம் ஒன்று நிற்கிறது. போன வருடம் அதில் இந்தச் சிவப்பு வால்குருவி கூடு வைத்தது. அதே மரத்தில், ஆறேழு முழம் தள்ளி, இரட்டைவால் கரிக்குருவியும் கூடு. கரிக்குருவி எப்படிப்பட்டது என்று தெரியும்தானே, பருந்துக்கே கொத்தும். செண்பகம் வந்தால் விடாது, காகம் வந்தால் வாய்க்கால் வரைக்கும் துரத்திப் போகும். வால்குருவி பாட்டுக்குப் பேசாமல் குந்தியிருக்கும். கூலி இல்லாத காவல்காரன்.

மகள், உங்கள் வளவில் கரிக்குருவி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பயமில்லை.

இன்னொன்று. பொழுது சாயும் நேரம் இது குளிக்கிற விதம் வேறு. நின்று குளிக்காது. கொப்பில் இருந்து நேரே தண்ணீரில் விழுந்து, உடனே எழும்பும். அப்படி நாலைந்து தரம். தொட்டியில் தண்ணீர் விட்டு வையுங்கள்.

---

கிணற்றடி ரீச்சர், களுவாஞ்சிகுடி | ஜூன் 10

நானா, மிச்சம் நன்றி. சனிக்கிழமையை நிறுத்தியாயிற்று. இவருக்குக் கொஞ்சம் கோபம், ஆனால் நுளம்பு வலை கட்டியது அவர்தான்.

அண்ணன், நீங்கள் சொன்னதை வாசித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். கரிக்குருவி இருக்கிறது! பக்கத்து வளவுத் தேக்கு மரத்தில். வயிறு வெள்ளை, வால் நுனி இரண்டாகப் பிரிந்தது. இத்தனை நாள் அதன் சத்தத்துக்கு ஏசிக்கொண்டிருந்தேன்.

நானா, குடும்பக் கதையை மறந்துவிடாதீர்கள். நாளை வகுப்பு.

---

சம்மாந்துறை மருந்துக்கடை | ஜூன் 10, இரவு

சரி, கடை பூட்டியாயிற்று.

வாப்பா காலத்தில் எங்கள் கடையில் மருந்து அடுக்கியது வேலையைப் பார்த்து. இருமலுக்குத் தருவதெல்லாம் ஒரே தட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பறவைக்காரரும் கனகாலம் அப்படித்தான் அடுக்கினார்கள். பறந்து பறந்து பூச்சி பிடிக்கிறதா, போடு ஈப்பிடிப்பான் தட்டில். மஸ்கிகாபிடே என்கிற அந்தக் குடும்பப் பெயருக்கு அர்த்தமே ஈ பிடிக்கிறது என்பதுதான். நம்ம வால்குருவியையும் அங்கேதான் வைத்திருந்தார்கள்.

பிறகு சிப்லி, ஆல்குயிஸ்ட் என்று இரண்டு அமெரிக்கர்கள் வந்து, இறகையும் அலகையும் விட்டுவிட்டு மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1990இல் அவர்கள் முழுப் பட்டியலையும் வெளியிட்டபோது பல தட்டுகள் கவிழ்ந்தன. வால்குருவி ஈப்பிடிப்பான் இல்லை. அது காகத்தின் பக்கத்து ஆள். அவர்கள் அதைக் காகக் குடும்பத்துக்கு உள்ளேயே போட்டுவிட்டார்கள், கரிக்குருவியோடு ஒரே கிளையில். இப்போது கொஞ்சம் பிரித்து மொனார்கிடே என்று தனிக் குடும்பம் கொடுத்திருக்கிறார்கள், சுமார் 100 இனம் அதில் உண்டு. இலங்கையில் அதே குடும்பத்தில் இன்னொன்றும் இருக்கிறது, பிடரியில் கறுப்புப் பொட்டு வைத்த சின்ன நீலக் குருவி. லகுகலைக் காட்டில் நிழலுக்குள் நின்றால் இரண்டையும் ஒரே காலையில் பார்க்கலாம். ஆனால் பெரிய வளவு மாறவில்லை. காகம், கரிக்குருவி, கீச்சான், வால்குருவி, எல்லாம் ஒரே பெருங்குடும்பத்துக்குள்தான்.

படுவான்கரை அண்ணன், இனி உங்கள் மருதமரத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். கூலி இல்லாத காவல்காரன் என்றீர்கள். அது சொந்தக்காரன். துரத்தப்பட்ட காகமும் சொந்தக்காரன்தான், கொஞ்சம் தூரத்து. காணித் தகராறு நம்மில் மட்டுமா இருக்கிறது.

இதைவிட எனக்குச் சிரிப்பு வருவது வேறு. லின்னேயஸ் என்று சுவீடன்காரர் ஒருவர், உலகத்து உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தவர். 1758இல் இந்தக் குருவிக்கு அவர் வைத்த பெயர் கோர்வஸ் பரடிசி. கோர்வஸ் என்றால் காகம். சொர்க்கக் காகம்! பிறகு வந்தவர்கள் இது என்ன பைத்தியம், இவ்வளவு வடிவான குருவியைக் காகம் என்பதா என்று தூக்கி ஈப்பிடிப்பானில் போட்டார்கள். கடைசியில் மரபணு வந்து, காகத்துக்குப் பக்கத்தில்தான் வை என்கிறது. அவர் மரபணு பார்த்து வைக்கவில்லை, அந்தக் காலத்தில் காகத் தட்டும் பெரியது, எத்தனையோ குருவி அதற்குள் கிடந்தது. குருட்டு வாய்ப்புத்தான். என்றாலும் வாய்ப்பு வாய்ப்புத்தானே.

இப்போதைய பெயர் டேர்ப்சிஃபோனே பரடிசி. முதல் சொல் 1827இல் குளோகர் வைத்தது, காதுக்கு இனிய குரல் என்று பொருள். அவர் இது ‘ச்சீட்’ என்று கத்துவதைக் கேட்டிருக்க மாட்டார் போல. இனப்பெருக்கக் காலத்தில் நல்ல பாட்டும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளில் நாம் கேட்பது அந்தக் கரகரத்த சத்தத்தைத்தான்.

மற்றப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈப்பிடிப்பான் குடும்பத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் தெரியுமா? உங்கள் மதிலில் விடியக் காலை விசிலடிக்கிற குண்டுக்கரிச்சான், சிங்களத்தில் பொல்கிச்சா. முன்பு அதைப் பூங்குருவிகளோடு வைத்திருந்தார்கள். பெயரில் ஈப்பிடிப்பான் இருக்கிறவர் வெளியே, பெயரில் இல்லாதவர் உள்ளே.

2015 வரை சீனா, மலேசியாப் பக்கத்து வால்குருவிகளையும் நம்மதோடு சேர்த்து ஒரே இனமாகத்தான் எண்ணினார்கள். அதை மூன்றாகப் பிரித்தபோது நம்மது இந்தியாவோடு நின்றது. நம்ம செம்பழுப்பும் இந்திய வெள்ளையும் பிரியவில்லை. ஆகவே கொப்பியில் எழுதவைப்பதென்றால்: இனம் ஒன்று, நாம் இங்கே காணும் உள்ளினம் இரண்டு, நிறத்தைப் பார்த்துச் சோடி சேர்க்க வேண்டாம்.

---

கல்லடிப் பாலத்தான் | ஜூன் 11

சரி, தோற்றேன். பெரியவரிடம் போய்ச் சொன்னேன். தூண்டிலில் இருந்து கண் எடுக்காமல், “நான் சொன்னது இந்தியாக் குருவியத் தம்பி” என்றார்.

கொப்பை வெட்டச் சொன்னதையும் வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நானா, காகத்துக்கும் இதற்கும் சொந்தம் என்பதை மனம் ஏற்கவில்லை.

---

சம்மாந்துறை மருந்துக்கடை | ஜூன் 11

என் தம்பிக்கு என்னைவிட நிறம் கூட, உயரமும் கூட. ஒரு உம்மாவின் வயிறுதான்.

---

கிணற்றடி ரீச்சர், களுவாஞ்சிகுடி | ஜூலை 2

எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது, கொஞ்சம் நீளும்.

ஜூன் 18 காலை ஒற்றை ரிபன்காரர் கூட்டில் இருந்து எதையோ அலகில் கவ்விக்கொண்டு போய்த் தூரப் போட்டார். பிள்ளை ஒருத்தி ஓடிப்போய் எடுத்து வந்தாள், அரை முட்டைக் கோது. இளஞ்சிவப்பு கலந்த வெள்ளையில் செம்புள்ளி. அன்றிலிருந்து இருவருக்கும் ஓய்வில்லை. தும்பி, வண்ணாத்திப்பூச்சி, நாங்கள் பெயர் அறியாத பூச்சி என்று வந்துகொண்டே இருந்தது. ஆணுக்கு ஒற்றை ரிபன் என்பதால் யார் வருகிறார்கள் என்று கடைசி வாங்குக்காரன்கூடப் பிழையில்லாமல் சொன்னான். கணக்குப் பாடத்துக்கு அதையே எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் ஆண் எத்தனை தரம், பெண் எத்தனை தரம், வித்தியாசம் என்ன. ஒரு நாள் ஆண் கூட, மறுநாள் பெண் கூட. மாமி விறாந்தையில் இருந்து பார்த்துவிட்டு இவருக்குக் கேட்கும்படி, “குருவியப் பாருங்க” என்றார். இவர் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டார்.

ஒரு நாள் காகம் வந்தது. நான் விளக்குமாற்றோடு ஓடுவதற்குள் பக்கத்து வளவில் இருந்து கரிக்குருவி வந்து அதன் முதுகில் இறங்கிவிட்டது. சொந்தக்காரர் சண்டை, நான் தலையிடவில்லை.

ஜூன் 29 மத்தியானம் மூன்று குஞ்சும் இறங்கின. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை, முட்டைக்கு மேலே பஞ்சு ஒட்டினது போல. ஒன்று தொட்டி விளிம்பில் வந்து விழுந்தது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். தாய் வந்து சத்தம் போட்டு, கொய்யா மரத்துக்குக் கூட்டிப்போனது. பின்னேரம் மூன்றும் அங்கே ஒரே கொப்பில் ஒட்டிக்கொண்டு இருந்தன.

நேற்று மரம் வெட்டுகிற தம்பி வந்தார். கொப்பை இறக்கும்போது கூட்டைச் சேதப்படாமல் எடுத்துத் தந்தார். கையில் வைத்தால் பாரமே இல்லை. உள்ளே மெல்லிய வேர் நாரை வட்டமாகச் சுற்றி வைத்திருக்கிறது, வெளியே சிலந்தி நூலில் மரப்பட்டைத் துணுக்கும் சிலந்தியின் முட்டைக்கூடும் ஒட்டியிருக்கின்றன. 22 சென்ரிமீற்றர் இறகோடு அலுமாரி மேல் இருக்கிறது.

கொப்பியில் ஜனவரிப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழேயே சிவப்புப் பேனையில், “ரீச்சர் சொன்னது பிழை” என்று எழுதி, நானா சொன்னதை எழுதவைத்தேன். அந்த முதல் வரியைப் பதினொரு பேரும் மிக அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள்.

ஒக்டோபரில் வெள்ளை வந்தால் இங்கேயே வந்து சொல்கிறேன். மரம் வெட்டுகிற தம்பி அடுத்த வருடத்துக்கு மாசியிலேயே வருகிறாராம்.